பக்கத்தில் ஓர் ஆள்: துணை நபர் பிறந்த கதை

நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறைக்குப் பஸ் ஏறினால் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் என்று வயலெல்லாம் முடிந்து மலை தொடங்கும். அதற்கு மேல் ரப்பர்தான். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள், ரப்பர் தொழிற்கூடம், காளிகேசத்துக்குப் போகும் காட்டு வழி, சுற்றுமலைகளில் காணிக்காரர் குடியிருப்புகள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த மாவட்டத்து ரப்பர்தான் சோறு போட்டது. பால்வடிப்பு இருட்டிலேயே தொடங்குகிற வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அம்மாவும் அப்பாவும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுந்து, தம்பி தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டி, இருப்பதைத் தின்றுவிட்டுப் பஸ்ஸுக்கு நடப்பது அவர்கள் பாடு.

இங்கே ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. இது முழுக்கக் கற்பனை. இந்த ஊருக்கென்று எந்தக் குறையும் நான் சொல்லவில்லை; நகரத்து அடுக்குமாடியிலும் இதேதான் நடக்கும். கீரிப்பாறையை எடுத்துக்கொண்டது அதன் தூரத்துக்காக. விடியற்காலை வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரம் தெரிந்த ஓர் ஆள், உறவு முறை சொல்லிக் கூப்பிடுகிற ஆள், அவளிடம் தப்பாக நடந்துகொள்கிறான். சில நாள் கழித்து அம்மா கேட்கிறாள்: "என்ன மக்ளே, ஒரு மாதிரி இருக்க?" அவள் சொல்கிறாள். முதல் தடவை.

அம்மா அழுதுவிட்டு, "வெளிய சொல்லிராத மக்ளே, நாலு பேருக்குத் தெரிஞ்சா இங்க இருக்க முடியாது" என்கிறாள். ஆனாலும் மனசு கேட்காமல் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் போகிறாள். டீச்சர் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேட்கிறார். இரண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போகிறது, ஆட்கள் வருகிறார்கள். மூன்று. போலீஸ். நான்கு. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர். ஐந்து. மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். ஆறு. குழந்தைகள் நலக் குழு. ஏழு. மாதக்கணக்கில் கழித்து, அரசு வக்கீல். எட்டு. அப்புறம் நாகர்கோவிலில் சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை, அதன் பிறகு குறுக்கு விசாரணை. ஒவ்வொரு தடவையும் எதிரே உட்கார்ந்திருப்பது வேறொரு முகம். ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். அந்த ஆள் இதற்குள் ஜாமீனில் வந்து அதே பஸ் நிறுத்தத்தில் நிற்கவும் கூடும்.

இந்த வரிசையில் முதலிலிருந்து கடைசிவரை மாறாத முகம் ஒன்று வேண்டும் என்று யாரோ எப்போதோ நினைத்தார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க வந்த போக்சோ சட்டத்தின் விதிகளில் இன்று அந்த முகத்துக்குத் 'துணை நபர்' என்று பெயர். போலீஸோ, வக்கீலோ, டாக்டரோ இல்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டிய ஆள். இவர் எங்கிருந்து வந்தார் என்று தேடிப் போனால் பாதை ஒரே ஊரில் தொடங்கவில்லை. ஒரு நீதிபதியின் தூக்கம் கெட்டதில் ஒரு முனை இருக்கிறது, ஒரு வீட்டுவசதிக் குடியிருப்பில் பூட்டு உடைந்ததில் இன்னொரு முனை.

நீதிபதியிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் டேவிட் சூக்கப் என்பவர் சிறார் நீதிமன்ற நீதிபதி. வீட்டில் துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது அவர் வேலை. பெற்றோருக்கு வக்கீல் உண்டு, அரசுத் துறைக்கு வக்கீல் உண்டு, பிள்ளைக்காகப் பேச ஆள் கிடையாது. நாம் எடுத்த முடிவு சரியா என்ற கவலையில் இரவில் தூக்கம் வராமல் கிடந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சாதாரண ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று நியமித்தால் என்ன என்று தோன்றியது. நாலைந்து பேரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச வரச் சொல்லுங்கள் என்றார். போய்ப் பார்த்தால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். 1977இல் அந்தத் திட்டம் தொடங்கியது. பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. பிள்ளைக்காகப் பேசச் சட்டம் படிக்காத ஓர் ஆளுக்கும் நீதிமன்றத்துக்குள் இடம் உண்டு என்பது அங்கே பழக்கத்துக்கு வந்தது.

அடுத்தது அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில். அங்கே அரசு வக்கீலாக இருந்த பட் கிரேமர், பாலியல் வழக்குகளில் பிள்ளைகள் அலைக்கழிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். போலீஸ் கேட்டதையே சமூகப் பணியாளர் கேட்பார், அதையே டாக்டர் கேட்பார். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. பிள்ளை ஒவ்வோர் அலுவலகமாகப் போவதற்குப் பதில் அலுவலகங்கள் பிள்ளையிடம் வரட்டும் என்று 1985இல் ஒரு சாதாரண வீட்டிலேயே ஒரு மையத்தைத் திறந்தார். அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் பிள்ளையிடம் பேசுவார், மற்றவர்கள் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். இன்று அமெரிக்காவில் அப்படி 900க்கும் மேற்பட்ட மையங்கள். 1998இல் ஐஸ்லாந்து அதைத் தன் பாணியில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் அது 'பிள்ளைகள் வீடு' என்று பரவியது.

இதெல்லாம் பிள்ளையின் சிரமத்தைக் குறைக்கிற ஏற்பாடு. ஆனால் சிரமத்தைக் காட்டிலும் பெரிய ஒரு விஷயம் அப்போது இன்னொரு பக்கத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. டயானா ரஸ்ஸல் என்ற சமூகவியலாளர் 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் 930 பெண்களிடம் வீடு வீடாகப் போய் நேர்காணல் எடுத்திருந்தார். சிறுவயதில் குடும்பத்துக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர், வளர்ந்த பிறகு வேறு ஆண்களாலும் பலாத்காரத்துக்கோ அதற்கான முயற்சிக்கோ ஆளாகியிருந்தார்கள். மற்றப் பெண்களில் இது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 1986இல் இது புத்தகமாக வந்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகளின் கணக்கு ஏறியும் இறங்கியும் இருந்தாலும் திசை மாறவில்லை. 2019இல் 80 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், 47.9 சதவீதம், பின்னாளில் மறுபடியும் ஆளாகியிருந்தார்கள்.

ஒரு தடவை பட்டவருக்கே மறுபடியும் ஏன்? இந்தக் கேள்விக்கு உளவியலில் ஒரு பழைய பதில் தயாராக இருந்தது. மனம் பட்ட காயத்தைத் தானே திரும்பத் தேடிப் போகும் என்று ஃபிராய்ட் 1920இல் எழுதியிருந்தார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் கனவுகளை வைத்துச் சொன்னது அது. அதைக் கொண்டுவந்து பதினாலு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தால் என்ன ஆகும்? "நீ என்னடி பண்ண, ஒன்கிட்ட மட்டும் எதுக்கு எல்லாரும் வாறான்?" என்று தெருவில் கேட்கிற அதே கேள்விக்குப் பட்டப்படிப்பு கொடுத்த மாதிரி ஆகும். அந்தப் பதில் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. அதை உளவியலின் பக்கத்திலிருந்தே உடைத்தவர்கள் உண்டு. ஆனால் எனக்கு மிகவும் தெளிவாகப் புரிய வைத்தது மனதைப் பற்றிய ஆராய்ச்சியே இல்லை. வீடுகளில் கன்னம் வைத்த திருடர்களைப் பற்றிய ஆராய்ச்சி.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ராச்டேல் ஊரில் கிர்கோல்ட் என்று ஒரு குடியிருப்பு. 1980களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். குற்றவியலாளர் கென் பீஸும் அவருடன் இருந்தவர்களும் எங்கே திருட்டு நடக்கிறது என்று ஆராய்ந்து பார்த்தார்கள். திருட்டு குடியிருப்பு முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. ஒரு தடவை திருடப்பட்ட வீட்டிலேயே மறுபடியும் திருட்டு. அதுவும் சில வாரங்களுக்குள். பழைய மீட்டர் பெட்டியில் காசு போட்டால்தான் மின்சாரமும் எரிவாயுவும் வரும் ஏற்பாடு அங்கே இருந்தது. திருடனுக்கு அது உண்டியல். உடைத்தவனுக்கு எந்த ஜன்னல் தளர்ந்திருக்கிறது, வீட்டுக்காரர் எப்போது வேலைக்குப் போகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. அவனே வருவான், இல்லையென்றால் கூட்டாளிக்குச் சொல்லுவான். அந்த வீடு திருடனை விரும்பி அழைத்தது என்று யாரும் சொல்லவில்லை.

அவர்கள் செய்தது இவ்வளவுதான். திருட்டு நடந்த வீட்டுக்கு உடனே போய்ப் பூட்டையும் ஜன்னலையும் பலப்படுத்தினார்கள். காசு மீட்டரை எடுத்தார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள சில வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். குடியிருப்பு முழுக்கக் காவல் போடவில்லை. திட்டம் தொடங்கிய ஐந்து மாதத்தில் திருட்டு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே வந்தது. ஏற்கெனவே திருடப்பட்ட வீடுகளில் மறுபடி திருட்டு அந்த மாதங்களில் நின்றே போனது.

இதைப் படித்துவிட்டுக் கீரிப்பாறைப் பிள்ளையிடம் திரும்பி வந்தால் எல்லாம் இடம் மாறித் தெரியும். விடியற்காலை வீட்டில் யாரும் இருப்பதில்லை என்பது அந்த ஆளுக்குத் தெரிந்த விஷயம். அவள் வாயைத் திறந்தால் அம்மா அழுவாள், வெளியே சொல்லாதே என்றுதான் முதலில் சொல்வாள் என்பதும் இப்போது தெரிந்துபோயிற்று. அவள் மனசுக்குள் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்தத் தகவல்கள் யார் கையில் இருக்கின்றன என்பதை. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஃபிங்கெல்ஹோர் 2 வயது முதல் 17 வயது வரையிலான 2,030 பிள்ளைகளைப் பற்றிச் செய்த ஆய்வு 2007இல் வந்தது. ஒரே ஆண்டில் நான்கும் அதற்கு மேலும் விதவிதமான கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் 22 சதவீதம் இருந்தார்கள். வீட்டில் அடி, பள்ளிக்கூடத்தில் கேலி, தெருவில் வழிப்பறி, பாலியல் தொல்லை எல்லாம் ஒரே பிள்ளையைத் தேடி வருகின்றன. பாதுகாப்பு ஓட்டையான இடத்தில் எல்லாமே நுழைகிறது.

மனசின் பங்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஜெனிஃபர் ஃபிரேய்ட் என்ற உளவியலாளர் 1990களில் ஒரு கருத்தை முன்வைத்தார். சாப்பாடு போடுகிறவரும் துன்புறுத்துகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்தத் துரோகத்தைக் கவனிக்காமல் இருப்பதுதான் பிள்ளைக்குப் பிழைக்கிற வழி. அப்படிக் கண்ணை மூடிப் பழகிய மனசுக்கு, பிறகு வேறொருவன் ஏமாற்ற வரும்போது எச்சரிக்கை மணி அடிக்கத் தாமதமாகும். அவருடைய மாணவி ஆன் டிபிரின்ஸ் இதைச் சீட்டுக்கட்டுப் புதிர் மாதிரியான ஒரு சோதனையில் பார்த்தார். 'இதைச் செய்தால்தான் அது கிடைக்கும்' என்ற மாதிரி உடன்பாட்டை ஒருவன் மீறுகிறானா என்று கண்டுபிடிக்கும் புதிரிலும், ஆபத்தான வேலைக்கு முன் எச்சரிக்கை எடுத்துக்கொண்டானா என்ற புதிரிலும், மறுபடி மறுபடி பட்டவர்கள் அதிகம் தடுமாறினார்கள். வெறும் எண்ணும் எழுத்துமான புதிரில் தடுமாற்றம் இல்லை. அறிவுக் குறைவு இல்லை இது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பழக்கத்தால் வந்த மங்கல். பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தால் போக்கலாமே என்று அவர் டென்வரில் பிள்ளைகள் நலத்துறையின் பார்வையில் இருந்த 12 முதல் 19 வயதுவரையான பெண்பிள்ளைகள் 180 பேரைச் சேர்த்தார். பன்னிரண்டு வாரம், சின்னச் சின்னக் குழு. ஒரு குழுவுக்கு ஆபத்தின் அறிகுறியைக் கவனித்து யோசித்து நடக்கப் பயிற்சி. இன்னொன்றுக்கு உறவில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது, ஆண் பெண் பற்றி ஊர் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறது என்ற பேச்சு. 2015இல் முடிவு வந்தது. இரண்டு பாடத்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எதிலும் கலந்துகொள்ளாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், இரண்டு குழுவிலும் மறுபடி பாலியல் வன்முறைக்கு ஆளாவது குறைந்திருந்தது.

எனக்கு இந்த முடிவில் சுவையாகப் படுவது அந்த 'பெரிய வித்தியாசம் தெரியவில்லை'தான். எந்தப் பாடம் என்பதைவிட, வாரத்தில் ஒரு நாள் ஓர் அறையில் இவள் சொல்வதைக் கேட்கவென்றே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தது வேலை செய்ததோ? இது என் ஊகம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

நம்மூர்க் கதைக்கு வருவோம். இங்கே மனநலத் துறையைக் காட்டிலும் நீதிமன்றம்தான் முதலில் அசைந்தது. டெல்லியைச் சேர்ந்த 'சாக்ஷி' என்ற அமைப்பு 1997இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பலாத்காரம் என்பதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் கொடுத்த இலக்கணம் குறுகலானது, பிள்ளைகளுக்கு நடக்கும் பெரும்பாலான கொடுமை அதற்குள் வரவில்லை என்பது வழக்கு. 2004 மே 26இல் வந்த தீர்ப்பு இலக்கணத்தைத் தொடவில்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஆனால் போகிற போக்கில் மூன்று ஏற்பாட்டைச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் பிள்ளைக்குத் தெரியாதபடி திரை போடலாம். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதி பிள்ளைக்குப் புரியும் வார்த்தையில் கேட்க வேண்டும். சாட்சி சொல்லும் பிள்ளைக்குப் போதுமான இடைவேளை தர வேண்டும். கேட்ட வரம் கிடைக்காமல் கேட்காத வரம் கிடைத்த தீர்ப்பு இது. இந்த மூன்றும் பின்னாளில் போக்சோ சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தன.

அந்தச் சமயத்தில் எண்ணிக்கை என்று கையில் எதுவும் இல்லை. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். அந்த 13 மாநிலங்களில் கேரளம் உண்டு, தமிழ்நாடு இல்லை. நம் பக்கத்துக் கணக்கைப் பார்க்க, அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் 'துளிர்' அமைப்பு செய்த ஆய்வுக்குத்தான் போக வேண்டும். 2004இல் வித்யா ரெட்டியும் அவருடைய குழுவினரும் தொடங்கிய அமைப்பு அது. சென்னைப் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் கேட்டார்கள். 42 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் ஆளாகியிருந்தார்கள். பெண்பிள்ளைகளைவிடப் பையன்களின் சதவீதம் அதிகமாக இருந்தது பலரை உலுக்கியது. இன்றும் பையனுக்கு நடந்தால் "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகிரப்போவுது" என்று விடுகிற வீடுகள் உண்டு; மறுபடி நடப்பதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை.

இதே ஆண்டுகளில் வெளியிலும் அசைவு இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றம் 2005 ஜூலையில் குற்றத்துக்கு ஆளான பிள்ளைகளும் சாட்சிப் பிள்ளைகளும் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று வழிகாட்டி நெறிகளை ஏற்றது. 2009இல் ஒரு மாதிரிச் சட்டமும் வந்தது. பிள்ளையோடு முதல் நாளிலிருந்து கடைசிவரை இருக்க ஒரு துணையாளை நியமிக்க வேண்டும் என்ற யோசனை அவற்றில் இருந்தது. இந்தியாவில் 2012 மே மாதம் போக்சோ மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, அந்த ஆண்டு நவம்பர் 14, நேரு பிறந்த நாளில், நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் நல்ல விஷயங்கள் நிறைய. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோ எடுக்க வேண்டும். எடுக்கும் போலீஸ்காரர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு வரச் சொல்லக் கூடாது. வழக்கை நீதிமன்றம் கையில் எடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். முடிகிறதா என்பது வேறு விஷயம்.

துணை நபர் என்ற ஆள் வெளிப்படையாக வருவது சட்டத்தோடு சேர்ந்து வந்த விதிகளில். சட்டத்தின் 39ஆம் பிரிவு, உளவியல், சமூகப் பணி, பிள்ளை வளர்ச்சி தெரிந்தவர்களின் உதவியைப் பெறலாம் என்று வாசலைத் திறந்து வைத்தது; விதிகள் அந்த வாசலில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தின. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு, பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால் துணை நபரை அமர்த்தலாம். பிள்ளைகள் உரிமை அமைப்பில் வேலை செய்பவராக இருக்கலாம், இல்லப் பணியாளராக இருக்கலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைச் சேர்ந்தவராக இருக்கலாம். வழக்கு எங்கே நிற்கிறது, எதிராளிக்கு ஜாமீன் கிடைத்ததா, அடுத்த வாய்தா எப்போது என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இவர். 2020 மார்ச்சில் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. எதிராளியால் தன் பாதுகாப்புக்கு என்ன ஆகுமோ என்று பிள்ளைக்குள்ள பயத்தை உரிய அதிகாரிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் துணை நபரின் கடமை என்பது விதியிலேயே இருக்கிறது. வழக்குக் கட்டுகளுக்கு நடுவே, அடுத்த தடவை நடக்காமல் பார்க்கும் வேலையைப் பெயர் சொல்லி ஓர் ஆளிடம் கொடுத்திருக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. கிர்கோல்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்ததன் நீதிமன்ற வடிவம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் பிறந்த பிள்ளை பத்து வருஷம் தொட்டிலிலேயே கிடந்தது. பெரும்பாலான வழக்குகளில் துணை நபர் அமர்த்தப்படவே இல்லை. பெற்றோரிடம் "வேணுமா?" என்று கேட்பார்கள், என்னவென்றே தெரியாத அவர்கள் "வேண்டாம் சார்" என்பார்கள். தாளில் ஒரு டிக் விழும்.

இதை அசைத்தது 2022இல் உத்தரப் பிரதேசத்தின் லலித்பூரில் வெடித்த ஒரு வழக்கு. பதின்மூன்று வயதுப் பெண்ணைச் சிலர் கடத்திக்கொண்டுபோய்க் கூட்டுப் பலாத்காரம் செய்தார்கள் என்பது புகார். வாக்குமூலத்துக்காகக் காவல் நிலையம் போன அவளை அங்கேயும் நிலையப் பொறுப்பதிகாரி பலாத்காரம் செய்தார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. மறுபடி நேர்வது என்று ஆய்வாளர்கள் வருஷக் கணக்கில் அளந்துகொண்டிருந்தது இங்கே சில நாட்களுக்குள், சட்டத்தின் வாசலுக்குள்ளேயே நடந்ததாகப் புகார். 'பச்பன் பசாவோ அந்தோலன்' என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஆகஸ்டு 18இல் நீதிபதிகள் எஸ்.ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு, துணை நபர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்றது. இப்படி ஓர் ஆள் உண்டு என்பது பிள்ளைக்கும் வீட்டுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். அமர்த்தப்படுபவர்களுக்குத் தகுதியும் பயிற்சியும் வேலைக்கேற்ற ஊதியமும் வேண்டும் என்றது. முதலில் உத்தரப் பிரதேசத்துக்குச் சொன்னது, பிறகு நாடு முழுவதற்குமான வழிகாட்டி நெறியாக வளர்ந்தது. 2012இல் தாளில் பிறந்த துணை நபர் இரண்டாவது முறை பிறந்தது அன்றைக்குத்தான் என்று நான் சொல்வேன்.

வளரிளம் பருவம் என்று வரும்போது ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் காதலித்து ஓடிப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் கொடுக்கும் புகாரும் இதே போக்சோவில்தான் வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்து, இந்தப் பருவத்து உறவுகளைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கம் இல்லை என்று எழுதினார். ஒரே துணை நபர் காலையில் உறவுக்காரனால் சிதைக்கப்பட்ட பிள்ளையோடும், மதியம் காதலன் சிறையில் இருப்பதற்காக அழும் பிள்ளையோடும் உட்கார வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே பயிற்சி போதாது. இரண்டாவது பிள்ளைக்கு வீட்டிலிருந்தே அடி விழுந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மறுபடி நேர்கிற வன்முறை எப்போதும் அந்நியனிடமிருந்தே வருவதில்லை.

கீரிப்பாறை மாதிரி ஊரில் துணை நபர் யாராக இருக்க முடியும்? நாகர்கோவிலில் இருந்து ஒருவர் வந்துபோகலாம். பஸ் நேரத்துக்குள் திரும்ப வேண்டும், மழைக்காலத்தில் மலைப்பாதை வேறு. குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2004 சுனாமியில் கொட்டில்பாடும் குளச்சலும் சிதைந்தபோது, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் அங்கன்வாடிப் பணியாளர்களையும் ஆசிரியர்களையும் உள்ளூர்த் தொண்டர்களையும் வைத்தே மனநல முதலுதவியைக் கொண்டுபோனது. மனநல மருத்துவருக்குக் காத்திருந்தால் ஆகாது, ஊருக்குள் இருப்பவருக்கே கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மலைப்பக்கத்துக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு சிக்கலோடு. சுனாமியைப் பற்றி ஊர் முழுக்கப் பேசலாம். இதைப் பேச முடியாது. ஒரே குடியிருப்பில் இருக்கும் அக்காவே துணை நபராக வந்தால், அவர் அந்த வீட்டுப் படியேறுவதைப் பார்த்தே கதை பரவிவிடும். எதிராளியின் பெண்டாட்டிக்கும் அந்த அக்காவுக்கும் ஒரே இடத்தில் ரப்பர் வெட்டாக இருக்கலாம். தூரத்து ஆளுக்கு ரகசியம் காக்க முடியும், பக்கத்து ஆளுக்குக் கண்காணிக்க முடியும். விதிகள் ஆளின் தகுதியைச் சொல்கின்றன. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ப்பது என்பதை மாவட்டமாகப் பார்த்துச் செய்தாக வேண்டும்.

துணை நபர் பற்றிய விதிகளில் பெரியவர்கள் அதிகம் பேசாத ஒரு வரி உண்டு. பிள்ளைக்கு இந்தத் துணை நபர் பிடிக்கவில்லை என்றால், பெற்றோரோடோ அவள் நம்பும் வேறொருவரோடோ சேர்ந்து குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு விலக்கிக்கொள்ளலாம். அதற்குக் காரணம் சொல்லும்படி பிள்ளையைக் கேட்கக் கூடாது. போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட், வக்கீல் என்று எல்லோரிடமும் 'ஏன் அங்கே போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை' என்று காரணம் சொல்லியே வந்த பதினாலு வயதுப் பிள்ளை, இந்த ஓர் இடத்தில் மட்டும் "எனக்கு வேண்டாம்" என்றால் போதும். அது நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.